ஏர்கோனில் 16 எதற்கு?



வெயில் ஏறினால் எங்கள் ஸ்கூடாய் தாமான் வீடுகளில் பலர் ஏர்கோனை 16 டிகிரியில் வைத்துவிட்டு உறங்கிவிடுகிறார்கள். அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏர்கோனில் 16 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். அறை 16-ஐத் தொடாதவரை அது நிற்காது, மின்கட்டணம்தான் ஏறும்.

அவசரத்துக்கென்றே ரிமோட்டில் ‘டர்போ’ அல்லது ‘பவர்ஃபுல்’ பொத்தான் உண்டு. வியர்த்து வருபவர் அதை அழுத்தலாம். பல ரகங்களில் 20 நிமிடம் போல ஓடிவிட்டுத் தானே பழைய நிலைக்குத் திரும்பும்.   

அரசு அலுவலகங்களில் 24 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2011-லேயே அரசாங்கம் அறிவித்தது. விசிறியும் சுழன்றால் வீட்டுக்கும் அந்த 24 தாராளம். மழைக்காலப் புழுக்கத்துக்கு ரிமோட்டில் உள்ள, ஈரப்பதத்தைக் குறைக்கும் ‘டிரை’ நிலை போதும்.

ஏர்கோன் பொருத்த வருபவர்கள், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் பொறுமையாக விளக்கிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
ஸ்கூடாய், ஜொகூர்