மலிவு விலையில் ஒரு யானை!

ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் ஆண்டுக்கு 7 நாள் விடுதியில் தங்கும் உரிமையை விற்கிறார்கள். இதற்கு "டைம்ஷேர்" என்று பெயர். முன்பு வாங்கிய ஒருவர், அதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பொறுங்கள். முதலில் கணக்குப் பாருங்கள்.

விலை 1 லட்சம் ரூபாய். உரிமை இன்னும் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. முதல் ஆண்டு 20,000 ரூபாய். பிறகு ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறுகிறது என்றால், 10 ஆண்டில் 2½ லட்சம் ஆகிவிடும்! விலையும் சேர்ந்து 3½ லட்சம். தங்குவதோ 70 நாள். நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய்! பெயர் மாற்றும் கட்டணமும், ரெயில் செலவும், சாப்பாடும் தனி.

போகாத ஆண்டுக்கும் கட்டணம் கட்டவேண்டும். பள்ளி விடுமுறையில் அறை கிடைக்கும் என்பது நிச்சயம் இல்லை. பிறகு விற்க நினைத்தால், உங்களைப்போல ஒருவரைத் தேடவேண்டும்.

அதே ஊரில் நல்ல விடுதி வாடகை என்ன என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். கட்டண பாக்கி இல்லை என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்.

யானை மலிவாகக் கிடைக்கலாம். தீனி போடுவது யார்?