ஆறிப்போன உப்புமாவும் 61,562 கோடியும்

சென்ற இதழில் ஏர் இந்தியாவின் வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஒருவர் இரங்கல் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம், எழுதியது போதும். முப்பது வருடமாக வெளிநாடு போய்வருகிறவர். கையில் ஒரு வளைகுடா நிறுவனத்தின் தங்க அட்டை, கணக்கில் லட்சக்கணக்கில் மைல்கள். இவற்றைக் கல்யாணப் பத்திரிகையில் பட்டம் போடுவதுபோல முதல் பத்தியிலேயே போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார். ஏர் இந்தியாவின் சின்னமான மகாராஜா விழுந்ததற்கு அவர் கண்டுபிடித்த காரணங்கள் மூன்று: உப்புமா ஆறியிருந்தது, பரிமாறிய பெண்களுக்கு வயதாகியிருந்தது, அரசாங்கத்துக்கு விமானம் ஓட்டத் தெரியாது. அவரும் அவர் வகையறாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு விமானம் ஏறினார்களாம். அதோடு கதை முடிந்ததாம்.

உப்புமா ஆறியிருக்கும். நான் மறுக்கவில்லை. சாயாத சீட்டு, தாமதம், முகம் கொடுத்துப் பேசாத கவுன்ட்டர் என்று ஊரே சொன்ன குறைகள் அவை. ஆனால் வீடு இடிந்து கிடக்கும்போது வாசல் கோலம் சரியில்லை என்று சொல்கிறவரை என்ன செய்வது?

மூன்றாவது காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத்தான் அவர் முரசு கொட்டிச் சொல்கிறார். அரசாங்கத்துக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று தீர்ப்பு எழுதிய அதே பக்கத்தில், எமிரேட்ஸைப் பார், சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் பார் என்று புகழ்மாலை சூட்டுகிறார். எமிரேட்ஸ் யாருடையது? 1985இல் துபாய் அரசு கொடுத்த 1 கோடி டாலரில் தொடங்கியது, இன்றுவரை முழுக்க அந்த அரசின் சொத்து. எதிஹாத் அபுதாபி அரசுடையது. கத்தார் ஏர்வேஸ், பெயரிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பெரும்பான்மைப் பங்கு அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம் இருக்கிறது. முப்பது வருடம் அரசாங்க விமானத்தில் பறந்துகொண்டே அரசாங்கம் விமானம் ஓட்டக் கூடாது என்று உபதேசம் செய்ய ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் நிறைய இருக்கிறது.

அவர் சொல்லும் மருந்தைத்தான் பார்ப்போமே. தனியார் என்றால் ஒழுங்கு என்கிறார். கிங்ஃபிஷர் தனியார்தான். 2008இல் லண்டனுக்குப் பறக்கத் தொடங்கி, 2012 அக்டோபரில் எல்லாப் பறத்தலையும் நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸும் தனியார்தான். 2019 ஏப்ரல் 17ஆம் தேதி கடைசி விமானம். இரண்டிலும் உப்புமா சூடாகத்தான் இருந்தது என்று கேள்வி.

1953இல் தேசியமயமாக்கியபோதே உயிர் போய்விட்டது, டாடாவிடம் விட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும் என்று ஒரு பெருமூச்சும் விடுகிறார். ஜே.ஆர்.டி. டாடா தேசியமயத்தை எதிர்த்தவர் என்பது உண்மை. எதிர்த்தவர் அதற்குப் பிறகு எங்கே போனார் என்று மட்டும் நம் கட்டுரையாளர் பார்க்கவில்லை. அவர் எங்கும் போகவில்லை. 1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு நீக்கும்வரை கால் நூற்றாண்டு அதே அரசு நிறுவனத்தின் தலைவராக இருந்தார். போயிங் 707 வந்ததும் நியூயார்க் போனதும் 1960இல். ஜெட் விமானங்களை மட்டுமே வைத்திருக்கும் உலகின் முதல் நிறுவனம் என்ற பெயர் 1962இல். ஜம்போ வந்தது 1971இல். கட்டுரையாளர் கண்ணீர் மல்க நினைவுகூரும் பொற்காலம் முழுக்க முழுக்க அரசு உடைமைக் காலம். இதை அவருக்கு யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

பெண்களின் வயதைப் பற்றி அவர் எழுதியதை மறுபடி எடுத்து எழுதவே கூசுகிறது. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்று ஏர் இந்தியாவில் ஒரு விதி இருந்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. இவர் மனதளவில் அந்தத் தீர்ப்புக்கு முந்தைய வருடத்தில் வாழ்கிறார். அவர் மெச்சும் ஐரோப்பிய விமானங்களில் நரைத்த தலையோடு பரிமாறுகிறவர்களை ‘அனுபவசாலிகள்’ என்கிறார். நம் ஊர் நரை மட்டும் பாட்டி.

ஆள் அதிகம் என்ற பாட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் அதிகம்தான். ஒரு விமானத்துக்கு இருநூறு பேருக்கும் மேல் இருந்தார்கள். பிறகு பொறியியலும் தரைப்பணியும் தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன, பலர் ஓய்வு பெற்றார்கள். 2021 அக்டோபரில் டாடாவுக்கு விற்பதாக அறிவிக்கப்பட்டபோது 117 விமானங்களுக்கு ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்து 12,085 பேர். கூட்டிக் கழித்தால் ஒரு விமானத்துக்கு 103. ஆள் குறைந்தது, நட்டம் குறைந்ததா? 2018-19இல் மட்டும் 8,500 கோடிக்கு மேல் நட்டம். சம்பளப் பட்டியல்தான் நோய் என்றால் பட்டியல் மெலிந்த பிறகு நோயாளி எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டாமா?

பிசினஸ் கிளாஸ் ஜன்னலிலிருந்து தெரியாத இடத்துக்கு இப்போது வருவோம். வெளிநாட்டு விமானம் பிழைப்பது வரைபடத்தில். 1953இல் சட்டம் போட்டபோது வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். மதுரைக்காரர் நியூயார்க் போக வேண்டுமென்றால் ஒரு நிறுவனத்தில் பம்பாய் போய், சாந்தாகுரூஸில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, சாலை வழியே சஹார் முனையம் போய், இன்னொரு நிறுவனத்தின் வரிசையில் நிற்க வேண்டும். இந்த இரண்டு நிறுவன ஏற்பாடு ஐம்பது வருடத்துக்கு மேல் நீடித்தது. உள்நாடும் வெளிநாடும் சேர்ந்த பெரிய முனையம் டெல்லியில் வந்தது 2010இல், மும்பையில் 2014இல். அதற்குள் துபாயில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு விமானம் மாறலாம் என்றாகிவிட்டது.

எங்கள் பெரியம்மாவை மகளின் பிரசவத்துக்காக டல்லாஸுக்கு ஏற்றிவிடச் சென்னை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அதிகாலை துபாய் விமானம். வரிசையில் முன்னால் ஊதா பிளாஸ்டிக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு வேலைக்குப் போகும் பையன்கள், பெட்டிமேல் மார்க்கர் பேனாவில் பெயரும் ஊரும். பின்னால் பெரியம்மாவைப் போலவே ஏழெட்டு அம்மாக்கள். ஒவ்வொருவர் கைப்பையிலும் மகனோ மருமகனோ எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு: எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்த ஊர் விமானம் எந்த வாசலில் என்று காட்டுங்கள். பெரியம்மாவின் சீட்டு லேமினேட் செய்தது. பையன்களைத் தவிர அந்த வரிசையில் யாருக்கும் துபாயில் வேலையே இல்லை. யாரும் உப்புமாவை ஒப்பிட்டுப் பார்த்து வந்தவர்களுமில்லை. இறங்கிய கட்டடத்திலேயே அடுத்த விமானம் ஏறலாம் என்பதற்காக வந்தவர்கள். நானாக இருந்தாலும் பெரியம்மாவை அப்படித்தான் அனுப்புவேன், அனுப்பினேன்.

அந்த வரிசை தானாக உருவானதில்லை. எந்த நாட்டு விமானம் வாரத்துக்கு எத்தனை சீட் கொண்டுவரலாம் என்பதை இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுத் தீர்மானிக்கின்றன. துபாய்க்குக் கொடுத்த சீட்டுகள் சில வருடங்களில் பல மடங்காகி, வாரத்துக்கு 54,200 ஆயின. இந்தியாவில் 14 ஊர்களில் இறங்க அனுமதி. 2013இல் அபுதாபிக்கு 13,330 சீட்டுகள் 50,000 ஆக்கப்பட்டன. அதே வருடம் ஏர் இந்தியா கடன் தாங்காமல் தன்னிடமிருந்த எட்டு போயிங் 777-200 எல்.ஆர். விமானங்களில் ஐந்தை விற்றது. வாங்கியது யார்? எதிஹாத். குதிரையை விற்றவன் லாயச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததுபோல.

கடன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கட்டுரையாளர் மறுபடி ஊழியர்களைக் காட்டுவார். ஏர் இந்தியா 28 விமானங்கள் வாங்கத் திட்டமிட்டிருந்தது. 2004இல் அரசு திரும்ப யோசிக்கச் சொன்னது, யோசனை முடிந்தபோது எண்ணிக்கை 68 ஆகியிருந்தது. அரசு போட்ட முதல் சொற்பம், ஏறக்குறைய மொத்தமும் கடன். இது தொடக்கத்திலேயே பேரழிவுக்கு எழுதிய சமையல் குறிப்பு என்று 2011இல் அரசின் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜியின் அறிக்கை சொன்னது. தணிக்கைக்காரர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம். கடன் கழுத்தை நெரிக்கத் தொடங்கிய 2007இல்தான் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். ஐம்பது வருடம் முன்னால் செய்திருந்தால் புத்திசாலித்தனம். ஒன்று போயிங் வீடு, மற்றது ஏர்பஸ் வீடு. சம்பளம் வேறு, பதவி உயர்வு வேறு. 2007-08இல் 2,226 கோடி நட்டம், அடுத்த வருடமே 5,500 கோடியைத் தாண்டியது.

விமானிகளின் 2012 வேலைநிறுத்தத்தைப் பணக்கொழுப்பு என்கிறார். 58 நாள் நீடித்த அந்தச் சண்டை, புதிதாக வரும் போயிங் 787ஐ ஓட்ட யாருக்குப் பயிற்சி என்று பழைய இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் போட்டது. அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் பேசியவர்கள் யார் என்றுதான் கேட்கிறேன். மைல் கணக்கு பார்க்கிறவர் என்பதால் அவருக்கு இன்னொரு தகவல்: விமான நிறுவனங்களின் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸ் ஏர் இந்தியாவை அழைத்தது 2007இல், இணைப்பு வேலைகள் இழுத்துக்கொண்டே போக 2011இல் நிறுத்தி வைத்தது, சேர்த்துக்கொண்டது 2014இல். அவர் மைல்கள் வேறு கணக்கில் சேர்ந்ததற்கு அந்த ஏழு வருடமும் ஒரு காரணம். அதை அவர் தன் ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில், விற்றாகிவிட்டது, வரி கட்டுகிறவன் தலைக்குமேல் இருந்த சுமை இறங்கியது என்று முடிக்கிறார். 2021 ஆகஸ்ட் முடிவில் கடன் 61,562 கோடி. டாடா 18,000 கோடிக்குக் கேட்டது. அதில் ஏற்றுக்கொண்ட கடன் 15,300 கோடி, அரசுக்குக் கொடுத்த ரொக்கம் 2,700 கோடி. மிச்சக் கடன் 46,262 கோடி அரசின் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. சுமை இறங்கவில்லை, தோள் மாறியது. மாறிய தோளும் நம்முடையதுதான். பெரியம்மா வாங்கும் தீப்பெட்டி வரியிலும் அதில் ஒரு துளி இருக்கும்.

சிஏஜி அறிக்கை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மறுப்பு எழுதும் எண்ணமிருந்தால் அதைப் படித்துவிட்டு எழுதட்டும். நீளம்தான், ஆனால் துபாயில் அடுத்த விமானத்துக்கு எப்படியும் மூன்று மணி நேரம் இருக்கும்.