நகரத்தின் வலிமைக்கு உரைகல் எது?

கொள்ளைநோய் வந்து தாக்கும்போது ஒரு நகரம் தாங்கி நிற்குமா, தளர்ந்து வீழுமா என்பதை எதைக் கொண்டு மதிப்பிடுவது? ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் ஆய்வுகூடங்களையும் எண்ணினாற் போதும் என்பர் ஆட்சிப்பீடத்தில் அமர்ந்திருப்போர். போதாது என்கின்றோம் நாம். 2019 ஒக்டோபரில் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டெண், ஆயத்தத்தில் அமெரிக்காவுக்கே முதலிடம் அளித்தது. அந்த அமெரிக்காவிலேதான் கொரோனா நோய் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

கொழும்பு மாநகரை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் அங்கு வசதி குன்றிய தோட்டங்களில் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபையே ஒருகாலத்திற் கணக்கிட்டது. 2020 மார்ச் 20 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. வீட்டை விட்டு வெளிவராதீர் என்றனர். ஓரறை வீட்டில் அறுவர் வாழ்வோரும், பொதுக் குழாயடியில் வரிசையில் நிற்போரும் எங்ஙனம் விலகி இருப்பர்? நாட்கூலி நின்றுபோன குடும்பத்துக்கு அரசு ஈந்தது மாதம் 5,000 ரூபா. ஐவர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 ரூபா! அதே வேளையில், சந்தைகள் மூடுண்டமையால் கமக்காரனின் மரக்கறி விலைபோகாது அழுகிற்று. நகரத்தின் அடுப்பும் நாட்டுப்புறத்தின் வயலும் ஒரே கயிற்றிற் கட்டுண்டவை என்பதைத் திட்டமிட்டோர் மறந்தனர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன்சந்தையிலும் நோய் மீண்டும் தலைகாட்டிற்று. முகத்துவாரமும் மட்டக்குளியும் முடக்கப்பட்டன. இரண்டிடத்தும் முதலில் அகப்பட்டோர் உழைத்தால் மட்டுமே உண்ணக்கூடியவர்கள் என்பதை எவரும் மறுக்க முடியாது.

பசியினும் கொடியது ஒன்றுண்டு. அஃது ஆட்சியின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை அறுந்துபோதல். இறந்தோரைப் புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரில் 11 ஆம் நாள் வர்த்தமானி எரித்தலையே கட்டாயமாக்கிற்று. முஸ்லிம் மக்களின் கண்ணீரை எவரும் பொருட்படுத்தவில்லை. டிசெம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் அவர்தம் மனுக்களை விசாரணைக்கு ஏற்கவும் மறுத்தது. 2021 பெப்ரவரியில்தான் அக்கட்டளை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தன் தந்தையின் உடல் தன்னிடமிருந்து பறிக்கப்படும் என அஞ்சுபவன், காய்ச்சல் கண்டதும் மனமுவந்து பரிசோதனைக்கு வருவானா? நோயை ஒளிக்கும்படி மக்களைத் தூண்டிய சட்டம் நோய்த்தடுப்புச் சட்டமாகுமா?

இக்கட்டளைக்கு ஆதாரமாயிருந்தது 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம். பாராளுமன்றமோ 2020 மார்ச் 2 இல் கலைக்கப்பட்டு, ஓகஸ்ட் 20 வரை கூடவேயில்லை. கேள்வி கேட்க வேண்டிய மன்றம் பூட்டிக் கிடந்தது.

ஆகவே நாம் கோருவன மூன்று. முடக்கப்பட்ட நாட்களுக்குரிய கூலி, பிச்சையாக அன்றிச் சட்ட உரிமையாக வழங்கப்படல் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாயும் மலகூடமும் வேண்டும். நோய்க்கால ஒழுங்குவிதி எதுவும் விஞ்ஞானக் காரணம் காட்டாமலும் குறித்த நாட்களுக்குள் பாராளுமன்ற ஒப்புதல் பெறாமலும் உயிர்வாழலாகாது.

கற்றோரே, கமக்காரரே! அடுத்த நோய் நாள் குறித்து வருவதில்லை. கோபுரங்களின் உயரத்தை அளப்பதை விடுத்து, ஒடுங்கிய ஒழுங்கையில் வாழ்பவன் எத்தனை நாள் தாங்குவான் என்று அளவிடுவோம். அவன் தாங்கும் அளவே நகரம் தாங்கும்.