செஞ்சிக் கோட்டையும் புளியந்தோப்பும்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. சந்தோஷந்தான். ஆனால் சரித்திரம் என்பது கோட்டைக்கும் ராஜாவுக்கும் மாத்திரந்தானா என்று கேட்கின்றோம். மலைமேல் கல் சுமந்தவனுக்குச் சரித்திரம் கிடையாதா?

சென்னைப் புளியந்தோப்பையும் பெரம்பூரையும் பாருங்கள். 1876-ல் பக்கிங்காம் மில் கம்பெனி ஏற்பட்டது. சில வருஷங்களில் கர்நாடிக் மில்லும் வந்தது. அதே 1876-ல் துவங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கிராம ஜனங்கள் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு ஓடினார்கள். இவ்விதம் வந்தவர்களின் உழைப்பால் வளர்ந்ததே அப்பகுதி. 1918-ல் அங்கு சென்னைத் தொழிலாளர் சங்கமும் தோன்றிற்று.

1921-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீசார் சுட்டார்கள், உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆதிதிராவிடர் துரோகம் செய்தார்கள் என்று சொல்லுவது எளிது. ஆனால் ஊர்க்கிணற்றில் தண்ணீர் மொள்ள விடாதவன், மில் வாசலில் மாத்திரம் "சகோதரா" என்றழைத்தால் யார் நம்புவார்கள்? முதலாளிக்குப் போலீஸ் துணையைவிட நமது ஜாதியே பெரிய துணையாயிற்று.

1996-ல் அந்த மில்லும் மூடப்பட்டு விட்டது, ஜாதி மூடப்படவில்லை. செஞ்சி வாலிபர்களே! பிழைப்புக்காகப் பட்டணத்துக்குப் பஸ் ஏறும்போது துணிமூட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஜாதி மூட்டையை ஒழித்துவிட்டு ஏறுங்கள்.