வட்டியைச் சாப்பிடலாம், அசலைத் தொடக்கூடாது

கிரேக்கத் தீவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காலண்டர் படம்தான். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். அந்தப் படத்தில் உழவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் அங்கே விடுமுறைக்குப் போகிறவர் அனுபவிக்கிற நடை, சாப்பாடு, அமைதி எல்லாத்துக்கும் பின்னால் நிற்பது உழவர்தான். அவர் போய்விட்டால் தீவில் மிஞ்சுவது படம் மட்டுமே என்பது என் கருத்து.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள் என்று ஒரு மே மாதம் சிஃப்னோஸ் தீவில் ஒரு வாரம் தங்கினேன். 74 சதுர கிலோமீட்டர் பரப்பு, 3,000-க்கும் குறைவான மக்கள். விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில்தான் போகணும். வங்கியில் இருந்தபோது விவசாயக் கடன் மனு வந்தால் முதலில் நிலத்தைப் போய்ப் பார்ப்போம். அந்தப் பழக்கம் விடுமா? கடற்கரையை விட மலைச்சரிவைத்தான் அதிகம் பார்த்தேன்.

சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல்வரப்பு. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது. அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது. விழுந்த மழையை நிறுத்தி, மண்ணைக் கடலுக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது இந்த வரப்புதான். அதற்குள் ஆலிவ், பார்லி, கொண்டைக்கடலை, திராட்சை. எல்லாமே மானாவாரி. இப்படிக் கல் அடுக்கும் கலையை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்போது கிரேக்கத்தோடு இன்னும் ஏழு நாடுகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

நிலத்துக்கு நடுவே கல்லால் கட்டிய புறா மாடங்கள் நிற்கின்றன. பயணிகள் அதை அழகு என்று படம் எடுக்கிறார்கள். இறைச்சிக்கும் எருவுக்கும் கட்டியது அது! புறா எச்சத்தின் அருமை நமக்குத் தெரியாதா? சுமார் 100 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. அதில் பெரும்பகுதி கழுதையில் விளைச்சல் ஏற்றிப்போன பழைய வழி.

சாப்பாட்டையும் சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டைக்கடலைதான் விசேஷம். கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை, அவ்வளவுதான். மண்பானையில் போட்டு மூடி, சனிக்கிழமை இரவே விறகு அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். விடிய விடிய வெந்து, காலையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரில் வேகவைப்பதே பழைய வழக்கம். ஆட்டுப்பாலில் செய்து ஒயின் வண்டலில் ஊறவைக்கிற மனூரா என்ற பாலாடைக்கட்டியும் உண்டு. எந்த ஐந்து நட்சத்திர ஓட்டலும் இந்தச் சுவையைப் புதிதாக உண்டாக்க முடியாது.

இப்போது பக்கத்துச் சாண்டோரினியைப் பாருங்க. அங்கே பலத்த காற்றுக்குத் தப்பிக்கத் திராட்சைக் கொடியைத் தரையோடு கூடை மாதிரி வளைத்து வளர்க்கிறார்கள். பாசனம் இல்லாமல், கடலிலிருந்து வரும் ஈரத்தில் விளைகிற அற்புதமான முறை. ஆனால் சுமார் 15,000 பேர் வாழும் அந்தத் தீவுக்கு 2023-ல் வந்தவர்கள் ஏறத்தாழ 34 லட்சம் பேர். நிலத்தின் விலை அப்படி ஏறிய பிறகு யார் கொடி வளைப்பார்கள்? கப்பல் பயணிகள் ஒரு நாளைக்கு 8,000 பேர்தான் என்ற வரம்பு, உச்ச பருவத்தில் தலைக்கு 20 யூரோ கட்டணம் என்பதெல்லாம் 2025-ல்தான் வந்தன. வெள்ளம் வடிந்த பிறகு போடுகிற கரை இது.

சிஃப்னோஸும் அந்த வழியில்தான் போகிறதோ என்ற பயம் உள்ளூர்க்காரர்களுக்கே இருக்கிறது. ஐரோப்பாவில் பேராபத்தில் உள்ள ஏழு பாரம்பரிய இடங்கள் என்று யூரோப்பா நோஸ்ட்ரா அமைப்பு 2024-ல் வெளியிட்ட பட்டியலில், சிஃப்னோஸ், செரிஃபோஸ், ஃபொலேகண்ட்ரோஸ் தீவுகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காரணம், அளவு மீறிய சுற்றுலாவும் கட்டடங்களும். மழைத் தொட்டியை நம்பி வாழ்ந்த ஊரில் இன்று வில்லாவுக்கு வில்லா நீச்சல் குளம். பத்து நிமிடத்தில் கடல் இருக்கும்போது குளம் எதுக்குங்க? அதற்கும் சேர்த்துத்தான் மின்சாரம் செலவழித்துக் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டியிருக்கிறது.

வங்கிக் கணக்கில் சொன்னால், கல்வரப்பும் தொட்டியும் ஆடும் விதையும்தான் அந்தத் தீவின் அசல். பல தலைமுறை போட்ட முதலீடு. சுற்றுலா வருமானம் அதன் வட்டி. வட்டியைத் தாராளமாகச் சாப்பிடலாம். வரப்பு நிலத்தை வில்லாவுக்கு விற்பது அசலை எடுத்துத் தின்பது. கவனிப்பாரற்ற வரப்பு சரியும், மண் கடலுக்குப் போகும். எந்த வங்கியும் அந்த மண்ணைத் திருப்பித் தராது.

"அப்போ அந்த மக்கள் ஏழையாகவே இருக்கணுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைப்பு இல்லாமல் இளைஞர்கள் ஏதென்ஸுக்கும் வெளிநாட்டுக்கும் போய்க் காலியான தீவுகள் பல. இரண்டு அறை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் ஆலிவ் தோப்பைக் காப்பாற்றுகிற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதுதான் சரியான வழி. சுற்றுலாப் பணம் வயலுக்குத் திரும்புகிறதா, வயலை விழுங்குகிறதா என்பதே கேள்வி. விளைநிலத்தில் புது வில்லாவுக்கும் நீச்சல் குளத்துக்கும் அரசு கண்டிப்பாகத் தடை போடணும்.

போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆகஸ்ட் நெரிசலை விட்டுட்டு மே மாதமோ அக்டோபரோ போங்க. ஊருக்குள் குடும்பம் நடத்தும் வீட்டில் தங்குங்க. உள்ளூர்க் கடலை, உள்ளூர்ப் பாலாடைக்கட்டி, உள்ளூர்த் தேன் இருக்கான்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க.

தோட்டத்தில் விருந்தினருக்குக் குடில் போட நினைக்கும் நண்பர்களுக்கும் இதே கணக்குதான். குடிலுக்குக் கல் இறக்குவதற்கு முன்னால் வரப்பைப் பலப்படுத்துங்க. வருகிறவர் பார்க்க வருவது அதைத்தான்.