சுமைத் தரகரும் சிறு லொறிக்காரரும்

தரகர் என்றதும் நம்மவர் பலர்க்குக் கல்யாணத் தரகரே நினைவுக்கு வருவார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்றிரண்டு லொறிகளை வைத்துச் சீவிக்கும் குடும்பத்தார்க்கோ, காலையில் எழுந்ததும் வேண்டப்படுபவர் சுமைத் தரகர். பெரிய ஆலைக்காரர் ஒற்றை லொறிக்காரரோடு நேரே பேசுதல் அரிது. ஆகவே இடையில் நிற்கும் தரகர், ஆலைக்காரரிடம் ஒரு கூலியும் லொறிக்காரரிடம் வேறொரு கூலியும் பேசி, வித்தியாசத்தைத் தம் ஊதியமாகக் கொள்கின்றார். 1980ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின், சிறு லொறிக்காரரும் பெருகினர், தரகரும் பெருகினர்.

ஒரு தரகர் போதாதா என நாம் வினவலாம். சிக்காக்கோவிலிருந்து அத்லாந்தாவுக்குச் சுமை தந்தவரிடம், திரும்பி வருவதற்குச் சுமை இல்லாதிருக்கலாம். வழியோ ஏறக்குறைய 700 மைல். வெறும் லொறியும் டீசல் குடிக்கும் அன்றோ! ஆதலின் போகும்போது ஒருவர், மீளும்போது மற்றொருவர் என நாலைந்து பேரையாவது பழக்கத்தில் வைத்திருத்தல் அவசியமாகின்றது. 1978இல் போர்ட்லண்ட் நகரில், லொறிக்காரர் தங்கிச் செல்லும் நிலையமொன்றிலே, சுமை விபரங்களைத் திரையிற் காட்டும் ஏற்பாடு தொடங்கிற்று. இன்று அத்தகைய பட்டியலைக் கைத்தொலைபேசியிற் பார்த்து, முகமறியாத தரகர் பத்துப் பேரோடு ஒரே நாளிற் பேசிவிடலாம்.

தொல்லையெல்லாம் கூலி கைக்கு வரும் காலத்திலேதான். டீசலுக்கு இன்றே காசு கொடுக்கவேண்டும். தரகரோ, சுமை இறக்கியதற்கான பத்திரமும் பில்லும் கிடைத்து 30 நாட் சென்றபின் பணம் அனுப்புவது வழக்கம். வரவேண்டிய பணத்திற் சிறு பங்கைக் கழித்துக்கொண்டு உடனே காசு தரும் கம்பனிகள் உண்டு, அதுவும் செலவே. அந்த 30 நாளும் லொறிக்காரர் தரகருக்குக் கடன் கொடுத்தவராகின்றார். கூலிக்கு ஓடுவதாக எண்ணுகிறவர், தாம் கடன் கொடுப்பதை உணர்வதில்லை.

அத்தரகர் முறிந்துபோனால்? சட்டப்படி ஒவ்வொரு தரகரும் 75,000 டொலர் பிணை வைத்திருத்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டு ஒக்டோபருக்கு முன் அது 10,000 டொலரே. இது பெருந்தொகையாகத் தோன்றும். ஆனால் அது ஒருவருக்கு உரியதன்று. பணம் வரவேண்டிய லொறிக்காரர் யாவருக்கும் பொது. முறிந்தவர் கொடுக்கவேண்டியது மொத்தம் 300,000 டொலர் என வைத்துக்கொள்வோம். பிணைப் பணத்தைப் பங்கிட்டால், 10,000 டொலர் வரவேண்டியவருக்குக் கிடைப்பது 2,500 டொலர். பெரிய தரகர் முறியமாட்டார் என்றும் சொல்வதற்கில்லை. பெரும் முதலீட்டோடு வளர்ந்த சியாற்றில் நகரத்துக் கொன்வோய் என்னும் கம்பனி, 2023 ஒக்டோபரிலே திடீரெனத் தன் தரகு வேலையை நிறுத்திவிட்டது.

வேடதாரிகளும் உளர். லொறிக்காரர்போற் சுமையைப் பெற்று, அதனை ஏதுமறியாத வேறொரு லொறிக்காரர் தலையிற் கட்டிவிட்டுக் கூலியோடு மறைந்துவிடுவார்கள். கட்டளைப் பத்திரத்திலுள்ள பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அரசாங்கப் பதிவேட்டோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அவசரத்தில் அந்த ஐந்து நிமிடமே கிடைப்பதில்லைப் போலும்!

எனவே எத்தனை தரகர் என்பதைவிட, எவரிடம் எவ்வளவு நிற்கின்றது என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. பத்துத் தரகரை அறிந்திருந்தும், நிலுவையிற் பெரும்பங்கு ஒருவரிடமே கிடந்தால், அவர் ஒரு தரகரை நம்பியவரே. இதற்குப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும். தரகருக்கு ஒரு பக்கம். சுமை இறக்கிய தேதி, பில் அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி. ஒரு பக்கத்தில் மூன்றாவது தேதி இரண்டு மூன்று வரிகளுக்கு வெறுமையாய் நின்றால், அத்தரகர் அடுத்த சுமைக்கு வழக்கத்திலும் கூடிய கூலி சொன்னாலும், பழைய பணம் வரும்வரை லொறியை அனுப்பாதிருத்தல் வேண்டும்.