அடித்துவிட்ட சரியான விடை

கூம்பின் ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. கன அளவு என்ன? பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்துக் கணக்கு இது. விடை 1232 கன செ.மீ. கொரோனா ஊரடங்கு நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த என் தோழியின் வாட்ஸ்அப்புக்கு இந்தக் கணக்கு படம் படமாக வந்து விழுந்தது. எல்லா நோட்டிலும் 3696. மூன்றில் ஒரு பங்கு எடுப்பதை யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட, அந்தப் பக்கம் பிள்ளைகளின் குரூப்பில் சுற்றி அத்தனை நோட்டிலும் ஏறிவிட்டது.

அது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் ஒரு படத்தை மட்டும் அவள் தனியாக எனக்கு அனுப்பினாள். அந்த மாணவி முதலில் சரியாகவே போட்டிருக்கிறாள். சூத்திரம் சரி, வரிகள் சரி, 1232-ம் வந்துவிட்டது. அதன்மேல் ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு இழுத்து அடித்துவிட்டு, கீழே 3696 என்று எழுதிக் கட்டமும் கட்டியிருக்கிறாள்.

காப்பி அடித்தால் படிப்பு ஏறாது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஏறிய படிப்பையும் அது இறக்கிவிடும் என்பதை நான் அந்தப் பக்கத்தில்தான் பார்த்தேன். தன் விடையைவிட ஊர் விடை பெரிது என்று அந்தப் பெண் முடிவு செய்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பயம் வந்தது.

பழி சொல்லுமுன் வீடுகளையும் பார்க்க வேண்டும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலை, ரோலிங் மில் என்று ஷிப்ட் வேலைக்குப் போகும் அப்பாவோடு, வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போனும் வேலைக்குப் போய்விடும். இலங்கைத் தமிழர் முகாமில் அண்ணன் தங்கைகள் ஒரு போனை முறை வைத்துப் பார்த்த வீடுகள் உண்டு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. நிறுத்திச் சந்தேகம் கேட்க அதில் வழியில்லை. அப்பா செகண்ட் ஷிப்ட் முடித்து வந்து போன் கைக்குக் கிடைக்கும்போது பாடமும் முடிந்திருக்கும், வீட்டுப்பாடம் அனுப்ப வேண்டிய நேரமும் கடந்திருக்கும். மிச்சமிருந்த வழி, குரூப்பில் வந்ததைப் பார்த்து எழுதுவதுதான். எழுதிய பக்கத்தின் படம் வந்துவிட்டால் போதும் என்று பெரியவர்களும் இருந்துவிட்டோம்.

பள்ளியில் இப்படி என்றால், கல்லூரிகளில் கண்காணிப்பு என்பது கேமரா வடிவில் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேர ஆன்லைன் தேர்வு வைத்தது. கொள்குறி வினாக்கள், முடியும்வரை கேமரா அணையக்கூடாது. அடுத்த பருவத் தேர்வில் முறைகேடு சந்தேகத்தின் பேரில் ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஒரே அறை வீட்டில் பிள்ளை தேர்வு எழுதினால் பின்னால் ஆள் நடக்கத்தான் செய்யும், குரல் கேட்கத்தான் செய்யும். பிறகு 2021-இல் வீட்டிலிருந்தே தாளில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பும் முறை வந்தது; புத்தகத்தைப் பார்த்தும் எழுதலாம். நல்ல முறைதான், யோசித்து எழுதும்படி கேள்வி இருந்தால்.

இதற்கு நடுவில், 2020 ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்குத் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) எதிர்த்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த அறிவிப்பில், விடிய விடியப் படித்துப் பேப்பரை கிளியர் செய்தவனும் பணம் மட்டும் கட்டியவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். பிட் அடிப்பது தவறு என்று இனி எந்த வாயால் சொல்வது?

அந்த ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள்மேல் ‘கொரோனா பேட்ச்’ என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 2021 ஆகஸ்டில் மதுரையில் ஒரு தனியார் வங்கியின் நேர்காணல் விளம்பரத்தில், 2021-இல் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று இருந்தது. அச்சுப்பிழை என்று வங்கி விளக்கம் தந்தது. அதற்குள் அந்த விளம்பரம் போன் போனாகப் பரவிவிட்டது. அப்படி ஒரு கதவு சாத்தப்படும் என்ற பயம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருந்தது. குரூப்பில் வந்ததை எழுதியவனுக்கு அந்தப் பெயரால் நஷ்டம் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தானே எழுதியவளுக்குத்தான் அது அநியாயம். அவள் எழுதியதை அவள்தான் எழுதினாள் என்று சொல்ல யாரும் இல்லை.

அப்படிச் சொல்ல ஒரு வழி உண்டு. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் பாடமும் வாராந்தரப் பயிற்சியும் திரையில் நடக்கின்றன. முக்கியத் தேர்வுகளை மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். இதில் மாணவரைச் சந்தேகிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நேர்மையாகப் படித்தவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

ஊருக்கு ஊர் தேர்வு மையம் எல்லாராலும் வைக்க முடியாது. வைவா வைக்கலாம். நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். அசைன்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த மூன்றில் ஒன்று எங்கிருந்தும்மா வந்தது?” என்று கேட்டால் போதும். இப்போது சாட்ஜிபிடி அழகாக எழுதிக் கொடுக்கிறது. மென்பொருளை வைத்து அதைப் பிடிக்கக் கல்லூரிகள் பாடுபடுகின்றன. அந்த நேரத்தைப் பிள்ளையோடு பேசச் செலவிடலாம். திக்கித் திணறியாவது தன் வாயால் சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண்ணில் பாதியை அங்கேயே கொடுக்கலாம்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகைப் பக்கம் அப்ரெண்டிஸ் எடுக்கும் நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். சான்றிதழில் இருக்கும் ஆண்டைப் பார்த்து ஒதுக்காதீர்கள். ஒரு துண்டு 12 மி.மீ. கம்பியையும் ஒரு வெர்னியரையும் கையில் கொடுத்து, விட்டம் அளந்து மீட்டருக்கு எடை சொல்லச் சொல்லுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து 0.89 கிலோ என்று சொல்லத் தெரிந்தவர் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த 162 எப்படி வந்தது என்றும் கேட்டு, பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.